கையை விடுவிக்கும் பாடம்

தையல் கூடத்தில் மெஷின்கள் நின்றுவிட, ட்யூப்லைட்டின் ரீங்காரம் மட்டும் கேட்கிறது. துணிக்கட்டுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடக்கிறது. நேற்று துணி வைக்கும் அறையில் சூப்பர்வைசர் தன் கையைப் பிடித்தான் என்று பொத்தான் தைக்கிறவள் எழுதிக் கொடுத்த புகாருக்கு நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து இது. கறுப்புப் பெல்ட்டின் முனையை நீவியபடி கராத்தே மாஸ்டர், "தாக்குறவரா நடிக்க யாராச்சும் ஒரு ஆம்பள வாங்க" என்கிறார். சட்டையில் ஒட்டிய நூல் பிசிறைத் தட்டிக்கொண்டு அதே சூப்பர்வைசர் முன்னே வருகிறான். "இவருக்கு ஒத்திகையே வேண்டாமேடி" என்கிறாள் பக்கத்து மெஷின்காரி. இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். மாஸ்டர் பொத்தான்காரியையே கூப்பிடுகிறார். "வாம்மா, பயப்படாத. அவர் கட்டைவிரல் பக்கமா உன் கையைத் திருப்பு, அவ்வளவுதான். சார், நீங்க மெதுவா பிடிங்க." பிடிக்கிறான். நேற்றுப் பதிந்த சிவந்த தடத்தின் மேலேயே அவன் விரல்கள் அளவெடுத்தாற்போல் பொருந்துகின்றன. அவள் திருப்புகிறாள். விரல்கள் பூப்போல விலகுகின்றன. "அம்மாடி, என்னா பலம்" என்று அவன் கையை உதறிக் காட்ட, ஓரமாக நின்று பார்க்கும் மேனேஜர் கைதட்டுகிறார். "பாத்தீங்களா, எவனா இருந்தாலும் விட்டுத்தான் ஆகணும்" என்கிறார் மாஸ்டர். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்கிறாள்.

"நேத்தும் இப்படித்தான் சார் திருப்பினேன். பாக்க ஆள் இல்ல, அவர் விடல."