ரிட்டர்ன் டிரிப்

இடுப்பு ஆபரேஷன் முடிந்தும், விழுந்துவிடுவோமோ என்று பயந்து காலை ஊன்ற மாட்டேனென்று அடம்பிடித்த பஸ் டிரைவர், வாக்கரை இறுகப் பிடித்தபடி கட்டிலருகே நிற்கிறார். துடைத்த தரையெங்கும் காலை வெயில் மின்னுகிறது. முதுகைத் தாங்கிக்கொண்டு பின்னால் நிற்கும் நர்ஸ், கண்டக்டர் மாதிரி வாயாலேயே விசிலடிக்கிறாள். “ரைட்! வண்டிய எடுங்கண்ணே.” அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது; அந்தச் சிரிப்பிலேயே கால் ஓரடி நகர்ந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டில்காரர் கையை நீட்டி மறிக்கிறார். “ஆள் ஏறணும், டிரைவர்!” வார்டே சிரிக்கிறது. கண்ணைத் துடைத்தபடி வாசலில் நிற்கும் மனைவிவரை வந்தாயிற்று. “கடைசி ஸ்டாப். உக்காருங்கண்ணே,” என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறாள் நர்ஸ். அவர் வாக்கரை மெல்லத் திருப்புகிறார். “என்ன உக்கார்றது? ரிட்டர்ன் டிரிப்ப யாரு அடிக்கிறது? விசில் குடு, தங்கச்சி!”