இது வேற

"கொள்கையாம் கொள்கை! அத வெச்சு நாக்கு வழிக்கவா?"

பல் டாக்டர் கத்தியது வராந்தாவின் கடைசி வரை கேட்டது. கிளினிக்கில் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

தலைமையாசிரியையின் மேசை மேல் ஒரு கால்குலேட்டர் கிடந்தது. அதன் மூடியின் உள்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி, பென்சிலில் எட்டு சூத்திரங்கள்.

பரீட்சை அறையில் அதைக் கண்டுபிடித்தவர் கணக்கு டீச்சர்.

அந்த அறைக்கு மேற்பார்வைக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல். கடைசி நிமிடத்தில் டீச்சரை அனுப்பினார்கள். வேறு அறை கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஆளில்லை, போங்கள் என்றார் தலைமையாசிரியை.

மூடி முதல் அரை மணி நேரத்திலேயே டீச்சர் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு முறை அந்த பெஞ்சைத் தாண்டிப் போனார். ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தார். மூன்றாவது முறை கால் நகரவில்லை. கையை நீட்டினார்.

காப்பியடித்ததற்கான படிவம் எழுதி அனுப்பிவிட்டால் இயற்பியலில் பூஜ்யம். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம் மொத்தமாகப் போய்விடும்.

மாட்டிக்கொண்ட பெண் அப்பாவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள். அழவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே கொளுத்திவிடுவாள் போலிருந்தது.

"உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? என் பொண்ணோட வாழ்க்கைய நாசமாக்கிட்டு நிம்மதியா தூங்கிடுவியா நீ?"

டாக்டர் வந்த இரண்டாம் நிமிடத்திலேயே ஒருமைக்கு இறங்கியிருந்தார். மரியாதையாகப் பேசுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அங்கிருந்த ஆசிரியர்களில் பாதிப் பேரின் பல்லை அவர்தான் பார்க்கிறார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வேதியியல் டீச்சர் மட்டும் பக்கத்தில் வந்து, பாக்காத மாதிரி போயிருக்கலாம்ல என்று முணுமுணுத்தார். அந்தக் குரலில் பரிவைவிட எரிச்சல்தான் அதிகம்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன வருஷம் வாட்ச்மேன் மகன் மாட்டுனான். நீங்க எழுதுனீங்க. நான் ஏதாவது சொன்னேனா? ஆனா இது வேற."

"எப்படி வேற?" என்று கேட்டார் டீச்சர்.

தலைமையாசிரியை கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அந்தப் பையன் இந்த வருஷமும் அதே வகுப்பில், தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா இன்று காலையும் கேட்டைத் திறந்து டீச்சருக்கு வணக்கம் சொன்னார். ஒரு வருஷமாகவே அந்த வணக்கத்தில் உயிர் இல்லை.

டீச்சர் படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். தேதி, அறை எண், பாடம், கைப்பற்றிய பொருள். மாணவியின் பெயரை எழுதும்போது மட்டும் பேனா ஓரிடத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது. மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"இப்ப சந்தோஷமா, டீச்சர்?"

"இல்ல" என்றார் டீச்சர்.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பெற்றோர் கையொப்பம். அது இல்லாமல் படிவம் செல்லாது.

தலைமையாசிரியை அதை டாக்டர் பக்கம் தள்ளினார். டாக்டர் பேனாவைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது.

"என் கையெழுத்து இல்லாம என்ன கிழிக்கிறீங்கன்னு பாக்குறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. தலைமையாசிரியை முகத்தில்கூட ஒரு நிம்மதி. விஷயம் இதோடு முடிந்தது என்பது போல வேதியியல் டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

கணக்கு டீச்சர் குனிந்தார். தரையில் முழங்காலிட்டு, அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பேனாவை எடுத்தார். புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டவில்லை.

மேலே போட்ட அதே கையெழுத்தைக் கீழேயும் போட்டார்.

பக்கத்தில் 'உறவு' என்று ஒரு சின்னக் கோடு இருந்தது.

'தாய்' என்று நிரப்பினார்.