புறவாசல் அடுக்களை

"அந்த அடுப்பு மேடையை மட்டும் இடிச்சிருங்கம்மா. இப்பவே சரின்னு எழுதிட்டுப் போயிருதேன்" என்றார் மாநகராட்சியிலிருந்து வந்திருந்த கார்த்திகேசன்.

"மேடை இருக்கும்" என்றாள் அன்னத்தாய்.

"நீங்க அனுமதி வாங்கினது புறவாசல்ல ஒரு அறைக்கு. அடுப்பு மேடை போட்டா அது அறை இல்ல, தனி வீடு. ஒரே மனையில ரெண்டாவது வீடுன்னா வேற வரைபடம், வேற அனுமதி. பின்னால மூணடி இடம் விடணும். நீங்க பாதிதான் விட்டிருக்கீங்க."

"அப்ப பின்சுவரை இடிச்சு உள்ள தள்ளிக் கட்டுதேன்."

கொத்தனார் சங்கிலிபூதத்தான் நிமிர்ந்து பார்த்தார். பூச்சு இன்னும் காயாத சுவர் அது.

"ஆச்சி, ஒரு மேடைக்காக முழுச் சுவரையுமா?"

"இடிக்கது உம்ம கை. வலி எனக்குல்லா. இடியும்வே."

புறவாசல் கதவருகே நின்ற மருமகள் அமலிக்கு எல்லாம் கேட்டது. ஆறு மாத வயிற்றின்மேல் அவள் கை தானாகப் போயிற்று. தன் சட்டியைத் தனியே ஒதுக்கிவைக்க, கட்டின சுவரையே இடிக்கத் துணிகிறாளே இந்த மாமியார்!

அமலி புன்னக்காயல் கடற்கரை ஜேசுதாசனின் மகள். விரும்பித்தான் கணேஷ்ராமைக் கட்டிக்கொண்டு இந்தச் சைவ வீட்டுக்கு வந்தாள். முட்டைகூட இந்த வாசற்படி தாண்டியதில்லை. அவளும் குறை சொன்னதில்லை. தேங்காய்ப்பாலில் சொதி வைக்கப் படித்தாள், ரசித்தும் சாப்பிட்டாள்.

பிள்ளை உண்டான பிறகுதான் நாக்கு பிறந்த ஊரைக் கேட்டது.

போன மாதம் அப்பா சாளை மீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அடுத்த வீட்டில் இருக்கும் சின்ன மாமனார் சிவசைலம் அவரை வாசலிலேயே மறித்தார்.

"உள்ள கொண்டு போவாதீரும்வே. இது சைவ வீடு."

பின்பக்கமாக வந்து சட்டியை வாங்கி, துவைக்கிற கல் ஓரமாக நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டாள் அமலி. கை கழுவித் திரும்பினால், சன்னலில் மாமியார்.

சன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் கொத்தனார் வந்துவிட்டார்.

கணேஷ்ராம் கூடங்குளத்தில் வேலை பார்ப்பவன். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். "அம்மாட்ட பைய பேசுதேன்" என்று சொன்னவன், ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அளக்க ஆள் வந்த சத்தம் கேட்டுச் சிவசைலமும் வந்து நின்றார்.

"விட்டுக் குடுக்காதீங்க மதினி. அவ சட்டி அவ வீட்டுல, நம்ம சட்டி நம்ம வீட்டுல. சொந்தக்காரங்க அத்தன பேரும் உங்களத்தான் மெச்சுதாக."

அன்னத்தாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"சரிம்மா, உங்க இஷ்டம்" என்று கார்த்திகேசன் காகிதத்தை விரித்தார். "சுவரைத் தள்ளிக் கட்டுங்க. புது வரைபடம் குடுங்க. வரி போடணும்லா, அதுக்குச் சொல்லுங்க. வாடகைக்கு விடப் போறீங்களா, உங்க ஆளு யாரும் இருக்கப் போறாங்களா?"

"எங்க ஆளுதான் சார்" என்று சிவசைலம் முந்திக்கொண்டார். "மருமக. அமலின்னு எழுதிக்கிடுங்க."

"எழுதாதீங்க சார்!"

அமலி படியிறங்கி வந்தாள்.

"நான் முன்வாசல் வழியா இந்த வீட்டுக்கு வந்தவ. புறவாசல்ல போய்க் குடியிருக்க மாட்டேன். என் பிள்ளையும் அங்கன வளராது. மீன் வேண்டாம்னா சொல்லுங்க, சாகுற வரைக்கும் தொடல. ஆனா தள்ளி வைக்கதுக்கு நான் ஒண்ணும் தீட்டு இல்ல. அப்படித்தான் வைப்பீங்கன்னா, புன்னக்காயலுக்குப் பஸ் இருக்கு. இப்பவே போறேன்."

"பாத்தீங்களா மதினி, வாயை!"

"நீ சும்மா இரு தம்பி" என்றாள் அன்னத்தாய். பிறகு அமலியைப் பார்த்தாள். "ஏட்டி, உன்னைய அங்கன போன்னு நான் எப்பம் சொன்னேன்?"

"அப்ப இதை எதுக்குக் கட்டுதீங்க?"

அன்னத்தாய் கார்த்திகேசன் பக்கம் திரும்பினாள்.

"அன்னத்தாய்னு எழுதுங்க சார்."

எழுதப் போன கை நின்றது. "நீங்களாம்மா?"

"ஆமா. நான், என் அடுப்பு, என் சாமி படம். பெரிய வீடும் பெரிய அடுக்களையும் அவளுக்கு. என்ன வேணாலும் ஆக்கட்டும், உக்காந்து சாப்பிடட்டும்."

அமலி வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீயும் விட்டிருக்க மாட்டே, உன் புருசனும் விட்டிருக்க மாட்டான். இந்தா நிக்காரே, இவரு அஸ்திவாரமே தோண்ட விட்டிருக்க மாட்டாரு."

சிவசைலம் முன்னால் வந்தார். "மதினி, என்ன பேசுதீங்க? அண்ணன் வாழ்ந்த வீட்டுல மீனா? வெளிய போக வேண்டியவ அவளா, நீங்களா?"

"மீன் வாடை ஆகாதது எனக்கு" என்றாள் அன்னத்தாய். "அப்ப வெளிய போக வேண்டியது நான்தானே தம்பி?"