பயம் உண்டா?

"ஆறாவது கேள்வி. பல் வைத்தியம்னா பயம் உண்டா?" ராம்கி சத்தமாகப் படித்தான்.

"இல்லை," என்றாள் தமயந்தி.

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே அல்சூர் கிளினிக்கில் இதே பதிலைத்தான் சொன்னாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும் நாற்காலியிலிருந்து குதித்து, செருப்பைக்கூட மாட்டாமல் ஜோகுபாளையம் வரைக்கும் ஓடினாள்.

"சீழ் கட்டியிருக்கு. மாத்திரை ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள பல்லை எடுக்கலேன்னா வீக்கம் தொண்டைக்கு இறங்கிடும்," என்று டாக்டர் தீபிகா சொல்லியனுப்பிய வாரம் இன்றோடு முடிகிறது. இன்று எடுத்தே தீர்வது என்று வந்திருந்தாள்.

தெரு கூட்டும் பெண்களுக்காகச் சங்கம் பேசி ஏற்பாடு செய்த சிகிச்சை. போன வாரம் ஓடிப்போன ஐந்து பேர்தான் இன்று பெஞ்சில். சங்கச் செயலாளர் ராம்கி ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, பதிலைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். ஒருத்தி சொல்வது மற்ற எல்லார் காதிலும் விழும். ஐந்து பேரும் "இல்லை" என்றார்கள்.

டாக்டர் வெளியே வந்து ஃபாரங்களைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"பயம்னா சொல்லுங்கம்மா, அதுக்கும் மருந்து இருக்கு. மூக்குல மாஸ்க் வெச்சு ஒரு வாயு குடுப்பேன். தூங்கிப் போயிட மாட்டீங்க. மனசு லேசாகிடும். அதுக்கப்புறம்தான் மரத்துப்போற ஊசி. மாஸ்க்கை எடுத்துக் கொஞ்ச நேரத்துல வீட்டுக்குப் போயிடலாம். பயத்துக்கு மாத்திரையும் இருக்கு. ஆனா அதுக்கு வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். எது வேணும்?"

யாரும் வாய் திறக்கவில்லை.

எப்படித் திறப்பார்கள்? கையுறை கேட்டு நாலு நாள் குப்பை லாரிகளை மறித்து நடுரோட்டில் உட்கார்ந்தவர்கள். போலீஸ் வேன் வந்து நின்றபோது தலைவர் உத்தமன், "பயமா?" என்று கேட்க, "இல்லை" என்று தெருவே அதிரக் கத்தியவர்கள். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவர்களுக்கு வாயில் வருவது ஒரே பதில்தான்.

"அதெல்லாம் பெரிய வூட்டுப் பொம்பளைங்களுக்கு," என்று முணுமுணுத்தாள் காந்தா. "நம்ம போய்க் கேட்டா சிரிப்பாங்க."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உத்தமன் எழுந்து வந்தார்.

"ராம்கி, எனக்கும் ஒரு ஃபாரம் எழுது."

"உங்களுக்கா? எந்தப் பல்லுண்ணே?"

"அதை டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன். நீ எழுது."

ராம்கி மளமளவென்று எழுதினான். "ஆறாவதுக்கு இல்லைன்னு போட்டுட்டேண்ணே."

"யாரைக் கேட்டுப் போட்ட? அதை அடிச்சிட்டு ஆம்னு எழுது. பெரிசா எழுது."

"அண்ணே..."

"ஊசியைப் பாத்தாலே கால் நடுங்குதுடா. எனக்கு அந்த வாயு வேணும். குடுக்கலேன்னா உள்ளயே போக மாட்டேன்."

பெஞ்சு குலுங்கியது. "லத்திக்கு நின்ன மனுசன், ஊசிக்கு ஆடுது பாரு," என்றாள் காந்தா.

"லத்தி வெளியில படுது காந்தா. இது உள்ள இல்ல போவுது."

தமயந்தி சிரிக்கவில்லை. அவளுக்கு எரிச்சல். இந்த ஆள் பேச்சைக் கேட்டா நாலு நாள் வெயிலில் உட்கார்ந்தேன்? தலைவர் என்றால் இத்தனை பேர் எதிரிலா இப்படி மானத்தை வாங்குவது?

கன்னம் விண்ணென்று தெறித்தது. அவரே கூசாமல் கேட்கிறார். கேட்டால் எனக்கு என்ன குறைந்துவிடும்?

"ராம்கி, என்னுதையும் அடி. ஆம்னு எழுது. எனக்கும் வாயு."

காந்தா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "அப்போ எனக்கும் போடு," என்றாள். மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"பொம்பளைங்க முதல்ல போகட்டும்," என்று உத்தமன் ஒதுங்கிக்கொண்டார்.

மாஸ்க்கை வைத்ததும், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துக் கண் சொக்குகிற மாதிரி இருந்தது தமயந்திக்கு. ஊசி போட்டது எங்கேயோ தூரத்தில் யாருக்கோ போட்ட மாதிரி.

"முடிஞ்சதும்மா."

"எப்போ?"

டாக்டர் தட்டைக் காட்டினாள். இத்தனை நாள் உயிரை வாங்கிய பல் அதில் கிடந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "உத்தமன் சார்," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "காந்தா போகட்டும்," என்றார் அவர். காந்தா போனாள், முடித்துக்கொண்டு வந்தாள். மறுபடி கூப்பிட்டார்கள். உத்தமன் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்து செருப்பில் காலை விட்டார்.

"எங்கண்ணே போறீங்க?" தமயந்தி எழுந்துவிட்டாள்.

"ஒரு டீ சாப்பிட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் வேணாம். பயம்னு சொல்லலாம், தப்பில்ல. சொல்லிட்டு ஓடக் கூடாது. நடங்க."

நாலு நாள் லாரியின் முன்கம்பியைப் பிடித்த பிடி. அவர் மணிக்கட்டை அதே மாதிரிப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"டாக்டரம்மா, இவருக்கும் வாயு வெச்சு எடுத்துடுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"வாயைத் திறங்க சார்," என்றாள் தீபிகா.

உத்தமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு மேல் பல் செட்டைக் கழற்றினார், கீழ் செட்டைக் கழற்றினார். இரண்டையும் தட்டில் வைத்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை.

"கதவைச் சாத்து தமயந்தி," என்றார் பொக்கை வாயால். "வெளியில இன்னும் மூணு பேர் பாக்கி."