ஓரம் மங்குமா?

"மாமா, இந்த லென்ஸுல ஓரத்துல நிக்கறவங்க மூஞ்சியெல்லாம் மங்கிருமுங்க. நீங்களும் சின்ன மாமாவும் நடுவுல வந்துருங்க!"

கணவன் சந்துரு இப்படிச் சொன்னதும் கிருத்திகாவுக்குச் சுருக்கென்றது.

அவன் கேமராவில் அப்போதுதான் மாட்டியிருந்தது அவளுடைய புது வைட் ஆங்கிள் லென்ஸ். ஓரம் மங்குவது அவனுடைய அறுபது வருஷப் பழசில்தான். இரண்டு பேருக்குமே ஃபிலிம் கேமரா பைத்தியம். எந்த லென்ஸ் உசத்தி என்று ஒரு மாதமாக வீட்டில் வழக்கு. மகளின் காதுகுத்துக்கு நல்லேப்பிள்ளியில் சொந்தபந்தம் கூடியதும், "ஒரே ரோல், ஒரே கூட்டம், ரெண்டு லென்ஸ். தெரிஞ்சிரும்" என்று ஆரம்பித்ததே அவன்தான்.

பழசில் ஒரு படம் எடுத்தாகிவிட்டது. இப்போது போய் ஆட்களை நகர்த்தினால் அது என்ன டெஸ்ட்?

"ஏனுங்க, என் லென்ஸா மங்கும்?"

"சும்மா இரு கிருத்தி."

அப்பா ஆறுமுகசாமி இடது ஓரத்திலிருந்தும், சித்தப்பா குப்பண்ணன் வலது ஓரத்திலிருந்தும் வேண்டாவெறுப்பாக நடுவே வந்தார்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. எந்த விசேஷத்திலும் ஆளுக்கொரு மூலைதான்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. ஃபிலிமைக் கழுவுகிற வரை எதுவும் தெரியாது. கிருத்திகா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கோயமுத்தூரிலிருந்து ரோல் கழுவி வந்த அன்றே, கொல்லங்கோட்டு வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினாள். பழசில் இரண்டு ஓரமும் மசமச. புதுசில், ஓரத்தில் நின்ற கற்பகம் அத்தையின் மூக்குத்திக் கற்களைக்கூட எண்ணலாம்.

"பார்த்தீங்களா? மங்கவே இல்லை! எதுக்குங்க அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி பொய் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு. அவங்க ரெண்டு பேரையும் வேற எப்படிப் பக்கத்துல நிக்க வெக்கறது? பொய்யின்னு தெரிஞ்சா உங்கப்பா மறுபடியும் முறுக்கிக்குவாரு."

கிருத்திகாவுக்கு வெட்கமாகிவிட்டது. இது தெரியாமல் லென்ஸுக்காக இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தோமே!

திரும்பினால், பேத்தியைப் பார்க்க வந்திருந்த ஆறுமுகசாமி கதவருகே நிற்கிறார். அவளுக்குப் பகீரென்றது.

"அது அன்னைக்கே தெரியுமுங்க மாப்பிள்ளை" என்றார் அவர்.

"எப்படிங்கப்பா?"

"நாங்க நகந்ததும் ஓரத்துக்கு வேற ரெண்டு பேரு வந்துட்டாங்கல்ல. 'ஏண்ணா, கற்பகம் மூஞ்சி மட்டும் மங்காதாக்கும்?'னு உன் சித்தப்பன் என் காதுல கேட்டான், அம்மிணி. இத்தனை வருசத்துல அவன் எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு அதுதான்."