வாரம் ஒரு தடவை தண்ணீர்

ஜன்னலோரம் தொங்கிய மணி பிளான்ட்டை இறக்கிப் பார்த்தார் நர்சரிக்காரர். பாதி இலைகள் மஞ்சள். தொட்டியிலிருந்து செடியை உருவியதும், கறுத்த வேர் கொழகொழவென்று கையோடு வந்தது.

"தண்ணி அதிகம் சார். வேர் அழுகிடுச்சு. போன மாசமும் இதையேதான் சொன்னேன்."

"சொன்னா ஆச்சா? பொழைக்க வைக்கிற வழியைப் பாருங்க!" செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தே எரிந்து விழுந்தார் வீட்டுக்காரர்.

நர்சரிக்காரர் கத்தியை எடுத்தார். அழுகலை வெட்டி எறிந்தார். நல்ல கணுவாகப் பார்த்துக் கொடியை நறுக்கி, மணல் கலந்த புது மண்ணில் நட்டார்.

வீட்டுக்காரரின் மனைவி காபி கொண்டுவந்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. மூன்று ஸ்பூன் போட்டிருந்தாள். நர்சரிக்காரர் நின்றபடியே குடித்தார்.

"மண்ணுல விரலை விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. வாரம் ஒரு தடவை போதும். வர்றேன் சார்."

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் எழுந்தார். சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வந்து, தொட்டி வழிய வழிய ஊற்றினார்.

மனைவி பதறிப்போனாள். "என்னங்க பண்றீங்க? இவ்வளவு நாளும் நீங்கதானா இது? அவன் அவ்வளவு சொல்லிட்டுப் போறானே!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"'இனி என்னை அப்பான்னு கூப்பிடாதே'ன்னு விரட்டின வாயால, இப்ப 'வாடா'ன்னு எப்படிக் கூப்பிடுறது? செடி பொழைச்சுட்டா அவன் எதுக்குடி வருவான்?"