அப்பன் பேர் சொல்லாத கும்பல்

"மூணாவது மாடியில என்னமோ சதி நடக்குது, பாஷா," என்று இன்ஸ்பெக்டர் ஷவ்கியிடம் போட்டுக்கொடுத்தேன். கெய்ரோவில் ஒரு கட்டடத்தின் வாட்ச்மேன் நான்; எங்கள் ஊரில் போலீஸ் அதிகாரியை மரியாதையாக 'பாஷா' என்றுதான் கூப்பிடுவோம். எனக்குத் தெரியாமல் ஓர் ஈகூட மேலே போகாது.

ஷவ்கி ஏலக்காய் மென்றபடி, "என்ன சதி?" என்றார்.

"வியாழக்கிழமையானா ஒரு கும்பல் வருது. டாக்டரும் வர்றான், டாக்சிக்காரனும் வர்றான். பேர் கேட்டா முனீர்ங்கிறான், ஹானிங்கிறான். அப்பன் பேரை எவனும் சொல்ல மாட்டேங்கிறான். கதவைச் சாத்திக்கிட்டு ஒருத்தன் பேசுறான், மத்தவன் அழுறான்."

அந்த வியாழனே ஷவ்கி மேலே ஏறினார். எல்லோரையும் அள்ளிக்கொண்டு வருவார் என்று வாசலில் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் தனியாக இறங்கினார்.

"யாரு பாஷா அவங்க?"

"குடிகாரங்க."

"வாடையே வரலையே!"

"குடியை விட்டவங்கடா. மறுபடி தொட்டுடாம இருக்க, ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை."

நான் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை போலும். மறு வியாழன் சீருடை இல்லாமல் வந்து நின்றார். வேவு பார்க்கத்தான்!

"வாங்க ஷவ்கி பாஷா!" என்று விறைப்பாக சல்யூட் அடித்தேன்.

அன்று அவர் வாயில் ஏலக்காய் இல்லை. வாடை குப்பென்று அடித்தது.

"பாஷா வேண்டாம்டா," என்றார், மாடியைப் பார்த்தபடி. "மேல நான் வெறும் ஷவ்கி."